கை கொடுப்பதும் கையில் கொடுப்பதும்

(நமது சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டங்களில் உபன்யாசம் இருக்கும், இல்லாவிட்டால் சங்கீதம் இருக்கும். இந்த மாதம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் பௌதிகம் படித்தவர், ஏதாவது விஞ்ஞான விஷயமாகப் பேசுங்களேன்" என்றார். நான் பி.எஸ்ஸி. முடித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அரசாங்கக் கோப்புகள்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். சில காலமாக என் மனதில் உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைச் சொல்ல இது நல்ல சந்தர்ப்பம் என்று தோன்றியது.

இன்று நான் பேசப்போவது டில்லி ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணன் அவர்களைப் பற்றியும், அவரும் அவருடைய குழுவினரும் பார்வையற்றவர்களுக்காகச் செய்த ஆராய்ச்சியைப் பற்றியும். ஒரு பெயரைச் சொன்னவுடனே எந்த ஊர், யாருக்கு உறவு என்று விசாரிப்பது நம் வழக்கம். இன்று அதை விட்டுவிடுவோம். செய்த வேலையை மட்டும் பார்ப்போம்.

முதலில் என் கதை ஒன்று. பெருமைக்குரிய கதை அல்ல.

1990களின் நடுவில், வடக்கே ஒரு மாவட்டத் தலைநகரில், ஊனமுற்றோருக்கு உபகரணங்கள் வழங்கும் முகாம் ஒன்றில் என் அலுவலகத்தின் சார்பில் மேற்பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். பந்தல், மாலை, மேடை எல்லாம் இருந்தன. வரிசையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் வந்தார். விபத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்புதான் பார்வை போயிருந்தது. அவர் கையில் பிரெய்ல் எழுதும் பலகையும் எழுத்தாணியும் கொண்ட ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்கள். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை எனக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று இந்தியில் கேட்டார். என் பக்கத்தில் இருந்தவர், "அடுத்தவரை வரச் சொல்லுங்கள்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் 'வழங்கப்பட்டது' என்று ஓர் எண் கூடியது. சாயங்காலம் அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அந்தக் கோப்பில் பிழை எதுவும் இல்லை. விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலை சொன்னவரிடம் வாங்கி, தகுதியுள்ளவருக்குக் கொடுத்தாயிற்று. தணிக்கையில் ஒரு கேள்வியும் வராது. வாங்கிக்கொண்டவருக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வி மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கியவர் என்பதால்தான் பேராசிரியர் பாலகிருஷ்ணன் எனக்கு முக்கியமானவராகத் தெரிகிறார்.

முழங்காலுக்கு மேலே

அவருடைய மூலத் துறை வேறு. சிறிய மின்னணுச் சில்லுகளுக்குள் கணினியை அடக்கி, ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பொருத்துவது. இதை 'எம்பெடட் சிஸ்டம்ஸ்' என்பார்கள். நம் வீட்டு வாஷிங் மெஷினில் இருப்பதும் அந்த ஜாதிதான். 2005ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய இளங்கலை மாணவர்கள் சிலர் பாடத்தின் ஒரு பகுதியாக ஏதாவது கருவி செய்தாக வேண்டியிருந்தது. மார்க் வாங்கியபின் அலமாரியில் தூங்கப்போகும் ஒன்றைச் செய்யாமல், டில்லியில் பார்வையற்றோர் நிறுவனத்துக்கே போய், "உங்களுக்கு அன்றாடம் எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்? பள்ளத்தில் விழுவது, படி தடுக்குவது என்போம். அவர்கள் சொன்ன பதில் வேறு. பள்ளத்தையும் படியையும் வெள்ளைக் கோல் கண்டுபிடித்துவிடும். கோல் தரையைத் தட்டிக்கொண்டே போகிறது, ஆகவே முழங்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் அதற்குத் தெரியும். தெரியாதது முழங்காலுக்கு மேலே இருப்பது. தாழ்ந்த மரக்கிளை, திறந்து வைத்த ஜன்னல் கதவு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏ.சி. பெட்டி, நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கம் இவற்றின் அடியில் கோல் சுகமாகப் போய்விடும். மோதுவது முகம்தான். நமது நகரங்களின் நடைபாதைகளில் இவற்றுக்குக் குறைவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிக்கு அடிப்படை நம் பள்ளிக்கூடப் பௌதிகம். வௌவால் எப்படி இருட்டில் பறக்கிறது? மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை வினாடிக்கு சுமார் 20,000 அதிர்வுகள். அதற்கு மேற்பட்ட மீயொலியை அது எழுப்புகிறது. எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அறிகிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். 3 மீட்டருக்கு அப்பால் ஒரு கிளை இருந்தால், ஒலி போக 3, வர 3, ஆக 6 மீட்டர். 6ஐ 343ஆல் வகுத்தால் சுமார் 17½ மில்லி வினாடி. கண் சிமிட்டும் நேரத்தில் பல முறை இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். மலிவான ஒரு சில்லுக்கு அது பெரிய வேலையே இல்லை.

ஸ்மார்ட்கேன் என்று பெயரிட்ட அந்தக் கருவி, வெள்ளைக் கோலின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு சிறு பெட்டி. முழங்காலிலிருந்து தலை உயரம் வரை எதிரே ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும். தூரம் குறையக் குறைய அதிர்வின் தாளம் மாறும். வீதிக்கு 3 மீட்டர் வரை, வீட்டுக்குள்ளோ கூட்டத்திலோ 1.8 மீட்டர் வரை என இரண்டு நிலைகள். செல்போனைப் போல சார்ஜ் செய்துகொள்ளலாம்.

இதில் இரண்டு சின்ன விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒன்று, எச்சரிக்கையை 'பீப்' என்ற ஓசையாக வைக்காமல் அதிர்வாக வைத்தது. பார்வையற்றவருக்குக் காதுதான் கண். ஸ்கூட்டர் வருகிறதா, பக்கத்தில் சுவர் இருக்கிறதா என்பதையெல்லாம் காதால்தான் பார்க்கிறார். அந்தக் காதில் போய் இன்னொரு ஓசையைத் திணித்தால் அது உதவி ஆகாது. இரண்டாவது, வெள்ளைக் கோலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொடுக்காமல், அதன் மேலேயே மாட்டியது. பாட்டரி தீர்ந்தால்கூடப் பழைய கோல் கையில் இருக்கிறது. அவர் நடுத்தெருவில் நிற்க மாட்டார். இந்த இரண்டும் பயன்படுத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேசினால் மட்டும் தெரிய வருகிற விஷயங்கள்.

ஒன்பது வருஷம்

மாணவர்களின் முதல் மாதிரி 2005 வாக்கில். ஸ்மார்ட்கேன் மக்கள் கைக்கு வந்தது 2014இல். நடுவில் ஒன்பது வருஷம். அரசாங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் இந்த ஒன்பது வருஷம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

பல்கலைக்கழகத்தில் ஒரு கருவி 'வேலை செய்தது' என்றால் ஒரு முறை வேலை செய்தது என்று அர்த்தம். மழையில், வெயிலில், பஸ் நெரிசலில், கீழே விழுந்து எழுந்து, ஓர் ஏழை இளைஞர் வாங்கக்கூடிய விலையில் வேலை செய்வது வேறு. அதைப் பேராசிரியர் தனியாகச் செய்ய முடியாது. அவருடைய ஆய்வுக்குழுவுக்கு அஸிஸ்டெக் என்று பெயர். இயந்திரப் பொறியியல் துறையிலிருந்து பேராசிரியர் பி.வி.எம். ராவ் போன்றவர்கள் கூடச் சேர்ந்தார்கள். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதி கொடுத்தது. டில்லியைச் சேர்ந்த சக்ஷம் அறக்கட்டளை பயன்படுத்துவோரிடம் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை ஏற்றது. அதை முன்னின்று நடத்திய தீபேந்திர மனோசா அவர்களே பார்வையற்றவர். உற்பத்தி செய்ய முன்வந்தது நம் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். பிறந்த குழந்தைகளுக்கான இன்குபேட்டர் முதலிய கருவிகளைச் செய்து பழகிய நிறுவனம் அது.

வெளியானபோது விலை சுமார் 3,000 ரூபாய். வெளிநாட்டில் இதே வகைக் கருவிகளுக்கு இதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. கருவியோடு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார்கள். "இதை எனக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று அன்று என் எதிரே நின்று கேட்டாரே ஒருவர், அவருக்குப் பதில் சுமார் இருபது வருஷம் கழித்துக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸும் பாடப் புத்தகமும்

வழியில் இடிக்காமல் பஸ் நிறுத்தம் வரை வந்தாயிற்று. வருகிற பஸ் எந்த நம்பர்? இது அடுத்த கேள்வி. பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம். ஒரு நாளைக்குச் சரி. வருஷத்தில் 300 நாள், காலையும் மாலையும், முன்பின் தெரியாதவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே குழு 'ஆன்போர்டு' என்ற கருவியை உருவாக்கியது. கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், அருகில் வரும் பஸ்களின் தட எண்ணை ரேடியோ அலை மூலம் அறிந்து வாயால் சொல்லும். வேண்டிய பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் அந்த பஸ்ஸின் வாசலில் உள்ள ஒலிபெருக்கி குரல் கொடுக்கும். அந்தத் திசையில் போய் ஏறலாம். டில்லியிலும் பிறகு மும்பை 'பெஸ்ட்' பஸ்களிலும் இதைச் சோதித்தார்கள். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. கோல் தனி மனிதர் வாங்குவது. பஸ்ஸில் பொருத்தும் கருவியைப் போக்குவரத்து நிர்வாகம்தான் வாங்க வேண்டும். ஆகவே கண்டுபிடிப்பதோடு காரியம் முடிவதில்லை. நிர்வாகம் மனது வைக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் பொறுப்பு அது.

மூன்றாவது விஷயம் படிப்பு. பிரெய்ல் முறையில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றும் எழும்பியிருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம். இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. வெற்றிடத்தைத் தள்ளினால் 63 குறிகள். லூயி பிரெய்ல் 1824இல், பதினைந்து வயதில் வகுத்தது. நம் நாட்டில் 1951இல் பாரதி பிரெய்ல் என்று எல்லா மொழிகளுக்கும் ஒலியை வைத்துப் பொதுவாக அமைத்துவிட்டார்கள். தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே குறி. பல ஊர்களில் சிதறி வாழும் நமக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்! இந்தியில் பிரெய்ல் கற்ற டில்லித் தமிழ்க் குழந்தை, பேச்சுத் தமிழ் தெரிந்தால் கொஞ்சம் முயற்சியிலேயே தமிழையும் படித்துவிடலாம்.

எழுத்துக்கு வழி இருந்தது. படத்துக்கு இல்லை. முக்கோணம், கண்ணின் குறுக்குவெட்டு, மின்சுற்று, இந்தியாவின் நதிகள் இவையெல்லாம் பிரெய்ல் புத்தகத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும். அதனால் பார்வையற்ற குழந்தைகள் எட்டாம் வகுப்புக்குப் பிறகு கணக்கையும் விஞ்ஞானத்தையும் விட்டுவிடுவது வழக்கமாயிற்று. புத்தி இல்லாமல் அல்ல, புத்தகம் இல்லாமல். பாலகிருஷ்ணன் குழுவினர் முப்பரிமாண அச்சு முறையில் அச்சுகள் செய்து, அவற்றின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் பதித்து, விரலால் தடவிப் புரிந்துகொள்ளும் படங்களை உருவாக்கினார்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் விஞ்ஞான, கணிதப் பாடப் படங்கள் இப்படி வந்தன. இந்த வேலையைத் தொடர 'ரெய்ஸ்டு லைன்ஸ் பவுண்டேஷன்' என்ற அமைப்பும் ஏற்பட்டது.

கதவு மூடியிருந்த காலத்தில் அதைத் தட்டித் திறந்த ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டில்லியைச் சேர்ந்த கார்த்திக் சாஹ்னி பிறவியிலேயே பார்வையற்றவர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்று பலமுறை எழுதிப் போராடி வாங்கினார். 2013இல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். நம் நாட்டின் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் அவருக்கு வேண்டிய வசதி கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டது. கணினி அறிவியல் படித்தார். இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

2019இல் அதே குழு 'டாட்புக்' என்ற பிரெய்ல் மடிக்கணினியையும் வெளியிட்டது. திரைக்குப் பதில் புள்ளிகள் எழும்பித் தாழும் வரிசை. 20 எழுத்து, 40 எழுத்து என இரண்டு வகை. காகித பிரெய்லில் ஒரு நாவலே பல தடித்த தொகுதிகள் ஆகிவிடும். இதில் ஒரு நூலகத்தையே பையில் வைத்துக்கொள்ளலாம்.

'எம்பவர்மெண்ட்' என்றால்

மத்திய அரசில் 2012இல் இதற்கென்று ஏற்படுத்திய தனித் துறைக்கு 2014இல் பெயர் மாற்றியபோது அந்தப் பெயரிலேயே 'எம்பவர்மெண்ட்' என்ற சொல்லை வைத்தார்கள். தமிழில் 'அதிகாரமளித்தல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்த வார்த்தையில் எனக்கு ஒரு நெருடல். அதிகாரம் என்பது ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொள்வதல்ல. பிறர் தயவு இல்லாமல் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை அது. நாம் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைப்பது நல்ல காரியம்தான். அன்றைக்கு அவர் கடந்துவிடுவார். கையில் நல்ல கோல் ஒன்று இருந்தால், நாம் இல்லாத நாளிலும் கடப்பார். முதலாவது கை கொடுப்பது, இரண்டாவது கையில் கொடுப்பது. இரண்டும் வேண்டும். ஆனால் நம் சமூகம் முதலாவதிலேயே திருப்தி அடைந்துவிடுகிறது. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் பார்வையற்றோர் பள்ளியில் ஒரு வேளை சாப்பாடு போட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருகிறோம். அதைக் குறை சொல்லவில்லை; நானும் செய்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமாவது, "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டிருக்கிறோமா?

சட்டம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, புத்தகங்களைப் பார்வையற்றவர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற அனுமதி கொடுத்தார்கள். இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016ஆம் வருஷச் சட்டம் ஊனங்களின் வகையை 7இலிருந்து 21 ஆக்கியது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை எளிதில் பயன்படுத்த முடிவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது, வங்கிகளில் கே.ஒய்.சி.க்காகக் கண்ணைச் சிமிட்டச் சொல்வதை, சிமிட்ட முடியாதவர்கள் எதிர்த்து நடத்திய வழக்கு அது. சட்டங்களுக்குக் குறைவில்லை. மீதி நம் போன்றவர்களின் கையில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் அத்திம்பேர்

"இதெல்லாம் எங்கேயோ யாருக்கோ" என்று சிலர் நினைக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல். நம் வீட்டில் இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்காவின் அகத்துக்காரருக்கு இப்போது 82 வயது. ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். நம் காலாண்டிதழ் வந்தால் முதலில் உரை கிழித்து அட்டை முதல் அட்டை வரை படிப்பவர், பிழை இருந்தால் ஆசிரியருக்குக் கார்டு போடுபவர். எழுபது வயதுக்கு மேல் க்ளாக்கோமா என்று தெரியவந்தது. இந்த வியாதியில் கண்ணின் உள்ளழுத்தம் போன்ற காரணங்களால் பார்வை நரம்பு மெள்ள மெள்ளக் கெடும். முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. அதனால் வெகு நாளைக்குத் தெரியவே தெரியாது. போன பார்வை திரும்பாது. ஆனால் முன்கூட்டியே கண்டுபிடித்தால் மேற்கொண்டு போகாமல் நிறுத்தி வைக்கலாம். ஆகவே நாற்பது வயதைத் தாண்டியவர்கள், முக்கியமாகக் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், கண்ணாடிக் கடையோடு நிறுத்திக்கொள்ளாமல் கண் டாக்டரிடம் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சில் இது ஒன்று மட்டும் உங்களுக்கு நினைவிருந்தாலும் எனக்கு சந்தோஷம்.

அத்திம்பேருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் அவரை உட்கார வைத்துத் தாங்கினோம். காபி கையில், மாத்திரை கையில். அக்கா பேப்பர் படித்துக் காட்டுவாள். அவர் பேச்சே குறைந்துவிட்டது. ஒரு நாள், வங்கியில் வேலை பார்க்கும் பார்வையற்ற இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்து அத்திம்பேரின் செல்போனை வாங்கி ஏதோ செய்தார். போன் பேச ஆரம்பித்தது. திரையில் விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதைச் சொல்லியது. 'டாக்பேக்' என்கிறார்கள், உங்கள் ஆண்ட்ராய்டு போன்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைத் தொடக்கத்தில் உருவாக்கியவர்களில் டி.வி. ராமன் என்பவர் ஒருவர். புனேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் க்ளாக்கோமாவால் பார்வை இழந்து, மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கணிதச் சமன்பாடுகளைக் கணினி வாயால் படிக்க வைப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தமிழ் முதலிய நம் மொழிகளைக் கணினி பேசுவதற்கு, சென்னை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து வருஷக்கணக்கில் உழைத்திருக்கின்றன.

அத்திம்பேர் இரண்டு மாதம் பிடிவாதமாகப் பழகினார். இன்று செய்தி கேட்கிறார், பேரனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுகிறார், பென்ஷன் வந்ததா என்று தானே பார்க்கிறார். மறுபடியும் எல்லோரிடமும் வாதம் பண்ணுகிறார். அக்கா, "பழைய மனுஷர் திரும்பி வந்துட்டார்" என்கிறாள்.

போன வருஷம் நான் ஆசையாக நம் காலாண்டிதழின் பி.டி.எஃப். கோப்பை அவருக்கு அனுப்பினேன். அரைமணியில் போன் வந்தது. "என்னப்பா இது, நம்ம பத்திரிகை என்னமோ புரியாத பாஷை பேசறதே!" என்றார்.

காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். யூனிகோடு என்ற உலகப் பொது முறையில் தமிழ் 'அ'வுக்கு 2949 என்ற எண். அது வந்தால் எந்தக் கருவியும் 'அ' என்று படிக்கும். ஆனால் நம் இதழை அச்சுக்கோப்பது இருபது வருஷத்துக்கு முந்தைய எழுத்துருவில். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண். மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு வேஷம் தெரியும், தமிழாகப் படிப்பார். காதால் படிப்பவருக்கு உள்ளே இருப்பதுதான் கேட்கும். முப்பது வருஷச் சந்தாதாரர் ஒருவருக்கு, தெரியாமலேயே, நாம் கதவைச் சாத்திவிட்டோம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அன்றைய முகாமிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

என் வேண்டுகோள்

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அடுத்த இதழிலிருந்து, அச்சுப் பிரதியோடு கூட, யூனிகோடில் உள்ள எளிய பிரதி ஒன்றைக் கேட்கிற அங்கத்தினர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பிழை திருத்தத்தான் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நானே பெயர் கொடுக்கிறேன்.

இரண்டாவது, பிறந்தநாள் சாப்பாடு போடுகிறவர்கள் போடுங்கள். அதோடு அந்தப் பள்ளியின் ஆசிரியரைக் கேட்டு, தொட்டுணரும் படப் புத்தகமோ கோலோ வேறு எதுவோ, எது தேவை என்று சொல்கிறார்களோ அதை வாங்கிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் போய், அது உபயோகமாகிறதா என்று பாருங்கள். நான் அன்று செய்யத் தவறியது இதுதான்.

மூன்றாவது, ஓய்வு பெற்றவர்களுக்கு. 2016 முதல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் பார்வையற்றவர்களுக்காக இயங்குகிறது. ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகத்தைக் கணினி எழுத்தாக்கும்போது 'ன'வும் 'ள'வும் 'ர'வும் குழம்பும். அதைச் சரிபார்க்க ஆயிரக்கணக்கான பக்கங்கள் காத்திருக்கும். தமிழும், ஓரளவு சம்ஸ்கிருதமும் தெரிந்து, பகலில் நேரமும் உள்ளவர்கள் நம்மைவிட யார்? இப்படிப்பட்ட வேலைகளில் ஈடுபட்டுள்ள அமைப்புகளோடு தொடர்பு கொள்ள, ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் ஒருவர் முன்வந்தால் போதும்.

பேராசிரியர் பாலகிருஷ்ணன் அளவுக்கு நம்மால் ஆராய்ச்சி செய்ய முடியாது. ஆனால் அவருடைய மாணவர்கள் முதல் நாள் செய்த காரியத்தை யாரும் செய்யலாம். போய், உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை.

இந்த உரை இதழில் வருவதாகச் செயலாளர் சொல்கிறார். வந்தால், அத்திம்பேர் அதைத் தானே படித்துவிட்டு எனக்குப் போன் செய்து, எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லும் பிழைகளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.